மணி ஓடாத மீட்டர்
பழைய மினி டிராக்டர் பார்க்கப் போனால் தரகர் முதலில் காட்டுவது புதுப் பெயின்ட்; அடுத்தது மணி மீட்டர். “ஒரே ஓனர்ண்ணே, தென்னந்தோப்புக்குள்ள மட்டும்தான் ஓட்டினாரு. 900 மணி நேரம்கூட ஆகலை!” கிளட்ச் பெடலோ தேய்ந்து கண்ணாடிபோல மின்னும். ரொட்டவேட்டர் மாட்டும் பி.டி.ஓ. தண்டு கைபட்டாலே ஆடும். கேபிளைக் கழற்றிவிட்டு உழுதால் பழைய மீட்டரில் மணி ஓடாது, ஊரறிந்த ரகசியம். நாம் போகும்முன்பே எஞ்சின் சூடாக இருக்கும். குளிர்ந்த எஞ்சின் கக்கும் புகை நம் கண்ணை உறுத்தக்கூடாதே என்ற அக்கறைதான்!

பக்கத்தில் 4,000 மணி காட்டும் வண்டியை யாரும் சீண்டுவதில்லை. ஆயில் மாற்றிய தேதிகளை நோட்டில் எழுதிவைத்த அசட்டு நேர்மைக்காரரின் வண்டி அது. என் ஓட்டு அதற்குத்தான். பெயின்ட் வாங்க வந்தவர்கள் தரகரோடு பேசிக்கொள்ளுங்கள்.