வாயைத் திறங்க, பழகிக்கிறோம்

பல் டாக்டர் ஆக நம் நாட்டில் ஐந்து வருடம். நாலு வருடம் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். முதலில் மெழுகில் பல் செதுக்குவார்கள். பிறகு பொம்மைத் தலைக்குள் பிளாஸ்டிக் பல்லைக் குடைவார்கள். பொம்மை கத்தாது, எச்சில் விழுங்காது, நாக்கைத் துருத்தாது. அருமையான நோயாளி.

உயிருள்ள நோயாளிக்குத்தான் பஞ்சம். பைபாஸ் ஓரப் பொட்டலில் கல்லூரி கட்டினால் பல்வலிக்காரன் எதற்கு அங்கே பஸ் ஏறுகிறான்? இத்தனை நோயாளியைப் பார்த்தாக வேண்டும் என்ற கோட்டாவை முடிக்க மாணவனே ஆள் பிடிக்க வேண்டும். பரீட்சைக்குப் பல்செட் கட்ட ஒரு பொக்கைவாய்த் தாத்தாவைக் கெஞ்சி, ஆட்டோ கூலியும் சாப்பாடும் கைச்செலவும் கொடுத்து அழைத்து வருவான். லட்சக்கணக்கில் கட்டிய ஃபீஸ், தாத்தாவின் டீச்செலவுக்குக்கூட எட்டவில்லை.

ஹவுஸ் சர்ஜன் வருடத்திலாவது கை பழகுமா? கை கோச்சிங் புத்தகத்தில் இருக்கிறது. மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வில் 240 கேள்விகள், எல்லாமே நாலில் ஒன்றைத் தொடுவது. எந்தப் பல்லுக்கு எத்தனை வேர்க்கால்வாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1948ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் போட்டார்கள். அதில் எழுதிக் கொடுத்த மருந்து? இன்னொரு தேர்வு.

அப்புறம் தனியார் கிளினிக். ‘அனுபவம் உள்ளவர் தேவை.’ இல்லாதவனுக்கும் இடமுண்டு. சம்பளத்தைத்தான் வெளியே சொல்ல முடியாது. கேஸ் ஷீட் எழுது, எக்ஸ்ரே எடு, கிளீனிங் பண்ணு, சக்‌ஷனைப் பிடி. வேர் சிகிச்சைக்குக் கன்சல்டன்ட் வருவார், முடிப்பார், அடுத்த கிளினிக்குக்கு ஓடுவார். நின்று சொல்லித்தர நேரமில்லை. சொல்லித்தந்தால் நாளைக்கு எதிர்த்த தெருவில் போர்டு மாட்டிவிடுவானே!

ஒரு திறமை மட்டும் கிடுகிடுவென வளரும். ஒரு பல்லில் ஓட்டை என்று வந்தவருக்கு நாலு பல்லில் கேப் போட வைப்பது. அதற்கு மாத டார்கெட் உண்டு, வாட்ஸ்அப் குரூப் உண்டு, திட்டு உண்டு. ரப்பர் டேம்தான் கிடையாது. வேர் சிகிச்சையின்போது எச்சில் பல்லுக்குள் இறங்காமலும், ஊசி மாதிரி ஃபைல் நம் தொண்டைக்குள் இறங்காமலும் தடுக்கிற ரப்பர் விரிப்பு அது. பாடப்புத்தகத்தில் கட்டாயம். உங்கள் வாயில் யாராவது விரித்தார்களா?

உண்மையாகவே கை பழக நினைக்கிற பிள்ளைக்கு இருக்கவே இருக்கிறது வார இறுதிக் கோர்ஸ். நட்சத்திர ஹோட்டல், பஃபே, பிளாஸ்டிக் தாடையில் இம்ப்ளான்ட். மறுபடியும் பொம்மை! கடன் வாங்கிக் கட்டிய காசுக்கு ஒரு சர்டிஃபிகேட். ஞாயிறு மாலை ஃப்ரேம் போட்டாகிறது. திங்கட்கிழமை நம் தாடை.

பிரிட்டனில் பட்டம் வாங்கியவர், அரசு மருத்துவ சேவையில் தனியாகக் கை வைக்குமுன், மூத்த பல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு வருடம் சம்பளத்தோடு பழகுகிறார். நமக்கெதற்கு அந்தத் தண்டச் செலவு? கோடிக்கணக்கில் வாய் இருக்கிறதே, அதுவும் ஃபீஸ் கட்டிக்கொண்டு.

அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை. அவனையும் மொட்டையடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் மேல் கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது கால்வாய் அவன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வலி திரும்பி வருகிறது. நாமும் திரும்பி வருகிறோம். “உங்க பல்லோட அமைப்பு அப்படி சார்.” மறுபடி செய்யும் வேர் சிகிச்சைக்குத் தனி பில். மறக்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வீக்கம், ரத்தம், மரத்துப்போதல், ஃபைல் உடைதல் எல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கும். ‘இந்த டாக்டருக்கு இதுதான் முதல் கடைவாய்ப் பல்’ என்ற வரியை மட்டும் எந்த அச்சகமும் இன்னும் அடித்துக் கொடுக்கவில்லை.