பீரோவைத் திருப்பிப் பாருங்கள்!

கே: தாத்தா காலத்துக் கண்ணாடி பீரோ. உச்சியில் சர்ச் ஜன்னல் மாதிரி கூர்வளைவு. வயது என்ன இருக்கும்? (பாலக்கோடு)

ப: கோதிக் மறுமலர்ச்சிப் பாணி. இடைக்காலத் தேவாலய வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மறுபடி தலையில் தூக்கி வைத்து ஆடியது. லண்டன் பார்லிமென்ட் கட்டடமே அந்த மோகத்தில் எழுந்ததுதான். பாணிக்கு வயது பல நூறு. பீரோ சதம் அடித்திருந்தாலே உங்கள் யோகம்!

கே: மறுமலர்ச்சிப் பாணி என்றால் டூப்ளிகேட்டா? (அரூர்)

ப: இல்லவே இல்லை. 1880-ல் செய்ததை 1880 என்றே சொல்லி விற்றால் நேர்மையான சரக்கு. அதையே 1680 என்றால் மோசடி. பொய் மரத்தில் இல்லை, வாயில்.

கே: தாமஸ் மன்றோ தர்மபுரியில் இருந்தபோது பயன்படுத்திய பீரோ என்று ஒருவர் விற்க வருகிறார். நம்பலாமா? (தர்மபுரி)

ப: கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மன்றோ, தர்மபுரி அடங்கிய பாராமகாலில் வேலை பார்த்தது 1792 முதல் 1799 வரை. கீலில் இருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புழக்கத்துக்கு வந்த மெஷின் திருகாணி. தலையில் கூட்டல் குறி இருந்தால் 1930-களுக்குப் பிந்தியது. ஒன்றிரண்டு பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம். அத்தனையும் அப்படியே என்றால், மன்றோ அதைத் திறந்திருக்க வேண்டியது மேலுலகத்திலிருந்துதான்.

கே: வயதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி? (பென்னாகரம்)

ப: முன்பக்க அழகில் மயங்காதீர்கள். சுவரை விட்டு நகர்த்திப் பின்பலகையைப் பாருங்கள். ரம்பத் தடம் நேர்நேராக, கொஞ்சம் கோணலாக இருந்தால் கையால் அறுத்தது. வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அதாவது மெஷின்.

டிராயரை முழுசாக வெளியே இழுங்கள். மூலையில் புறாவால் மூட்டுகள் ஒன்றுக்கொன்று அளவு பிசகினால் ஆசாரி கை. அச்சு மாறாமல் இருந்தால் மெஷின். அடிவிளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். நூறு வருஷம் இழுத்த டிராயர் தேயாமல் இருக்குமா?

பிறகு கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுங்கள். வாசற்படி நெளிந்தால் பழைய கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு மட்டமாக எடுக்கும் முறையை பில்கிங்டன் கம்பெனி அறிவித்தது 1959-ல். நெளியாத மலிவுக் கண்ணாடி வீடுவீடாக நுழைந்தது அதற்கப்புறம்தான்.

கே: ஈட்டி மரம் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? (மொரப்பூர்)

ப: கருஞ்சிவப்பில் கருங்கோடு ஓடும், கனம் மூச்சு வாங்க வைக்கும். ஆனால் சாயம் பூசினால் எந்த மரமும் கறுக்கும். கதவின் பாலிஷ் படாத விளிம்பைப் பாருங்கள். டிராயருக்குள் மலிவு மரம் இருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத்து வழக்கமே அதுதான்.

கே: பூச்சி துளைத்திருந்தால் பழசுதானே? (காரிமங்கலம்)

ப: பூச்சிக்குப் பசி தெரியும், சரித்திரம் தெரியாது. துளையில் மெல்லிய கம்பியை விடுங்கள். பூச்சி வளைந்து வளைந்து போகும். கம்பி நேரே உள்ளே போனால் தின்றது டிரில்லர்!

கே: மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி ஒரு நிறம். பரவாயில்லையா? (கடத்தூர்)

ப: பின்பலகை, மரரேகை, ஓரச் செதுக்கல் என்று பொருத்தம் பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் யாரோ இரண்டு பீரோவுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள். விலை சரியும்.

கே: கறுத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று பாலிஷ் அடித்து விற்கலாமா? (பாப்பிரெட்டிப்பட்டி)

ப: ஐயோ, கையை எடுங்கள் தாயே! அரக்கு பாலிஷும் கைபட்ட எண்ணெயும் வருஷக்கணக்கில் சேர்ந்த நிறம் அது. வாங்குபவர் காசு கொடுப்பதே அதற்குத்தான். பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

கே: "பழைய கட்டைதானே" என்று ஒருவர் விலை பேசுகிறார். என்ன பெறும்? (நல்லம்பள்ளி)

ப: அசல் கண்ணாடி, அசல் பூட்டு, செதுக்கல், மரம், எல்லாம் பார்க்க வேண்டும். ரொம்பப் பெரிசென்றால் ஃபிளாட் வாசலில் நுழையாது, வாங்க ஆள் குறையும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விசாரியுங்கள். அந்த விலை முழுதாக உங்கள் கைக்கு வராது. பழுது, வண்டி, லாபம் போகத்தான் மிச்சம். வெறும் கட்டை என்றால் அவர் எதற்கு டெம்போவோடு வந்தார்?

கே: சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? (தொப்பூர்)

ப: நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள் ஆகிவிடும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நூறு ஆகவில்லை என்றால் 'தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குங்கள். பாஸ்போர்ட் இருப்பது மகனிடம்தானே, பொங்கலுக்கு அவரை வரச் சொல்லுங்கள்.