அட்ஜஸ்ட் அண்ணன்

கோத்தகிரியில் தடுக்கி விழுந்தால் ஓர் அட்ஜஸ்ட் அண்ணன் தாங்கிப் பிடிப்பார். பச்சைத் தேயிலை ஏஜென்ட். சீசனில் ரூம் புரோக்கர். முகூர்த்த மாதங்களில் கல்யாணத் தரகர். ஸ்வெட்டர், மஃப்ளர், மேல்பாக்கெட்டில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு குட்டி நோட்டு. ஆங்கிலத்தில் அவர் முழுசாகக் கற்றது ஒரே சொல். அதை வைத்தே பிழைப்பு அமோகமாக ஓடுகிறது.

1819-ல் இங்கே கண்ணேரிமுக்கில் பங்களா கட்டினாரே ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன், அவருக்கு அட்ஜஸ்ட் என்றால் கடிகார முள்ளைத் திருப்புவது, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வது. மனுஷனுக்காகப் பொருள் நகரும். அண்ணனிடம் பொருள் அசையாது, மனுஷன்தான் நகரவேண்டும்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அவர் நாலாவது ஆளாக உட்காருவது இந்தச் சொல்லைச் சொல்லித்தான். மே மாதத்தில் ஆறு பேர் குடும்பத்துக்கு இரண்டு கட்டில் காட்டுவதும் அப்படியே. "வியூ இருக்குன்னீங்களே?" என்றால், ஜன்னலை மறைக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "இடது பக்கமா கொஞ்சம் எட்டிப் பாருங்க சார், எஸ்டேட் தெரியும்" என்பார். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டியில் நீலகிரி மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். செல்போனிலேயே விண்ணப்பித்துக்கொள்ளலாம். அதையும், "பேசி அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன்" என்று கலெக்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி போலச் சொல்வார்.

கல்யாணப் பேச்சில் கவனம் தேவை. "பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்றால் மாமியார் பொல்லாதவர். "பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் குடிப்பான்.

உண்மையான வித்தை இலைக் கணக்கில். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் கேட்டால் உடனே தருவார், தாராள மனசு. "இலையில அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்பார். பண்ணிக்கோங்க, பண்ணிக்கலாம், பண்ணிக்கிறேன் என்று விகுதி மாறும். காசு போகிற பை மாறாது. மாதாமாதம் தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அந்த விலைக்கும் விவசாயி கைக்கு வரும் தொகைக்கும் நடுவே கிடப்பது அந்தக் குட்டி நோட்டு.

சாரல் விழுந்த ஒரு மதியம். தராசு 32 கிலோ காட்டியது. அண்ணன் 29 என்று எழுதினார்.

"மூணு கிலோ எங்க தம்பி?" என்றார் இலை கொண்டுவந்த அக்கா.

"மழை இலைக்கா. தண்ணி எடை, சாக்கு எடை. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை போல; சாக்கு வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். மேலே தளதளவென்று கொழுந்து. அடியில் முத்தல் இலையும் குச்சியும்.

"என்னக்கா இது!"

"பறிக்க ஆளு கெடைக்கல. கத்திரி வெச்சு வெட்டினோம். நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"அதெப்படிக்கா முடியும்? ஃபேக்டரில திருப்பி அனுப்பிருவான்!"

"அனுப்பினா நானே எடுத்துக்கறேன். இப்ப 32-ன்னு எழுது."

அண்ணன் நோட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார். 29-ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதினார்.