பாட்டை விடுங்கள், பி.ஜி.எம். சொல்லுங்கள்!

"இப்போது என்ன பின்னணி இசை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று போன இதழில் கேட்டிருந்தோம். பட்டியல் அனுப்பியவர்களைவிடக் கேள்வி அனுப்பியவர்கள்தான் அதிகம். நல்லதாகப் போயிற்று. கேள்விக்குள்ளேயே பட்டியலும் இருக்கிறது.

கே: ஒரு வாரமாக 'ஜாஸ்' படத்தின் இசையையே கேட்கிறேன். "ரெண்டே ரெண்டு ஸ்வரம், அதுக்கு இவ்வளவு ரசனையா?" என்கிறார் என் கணவர். என்ன பதில் சொல்வது?
— வாசகி, நாகர்கோவில்

ப: அந்த இரண்டு ஸ்வரம் எங்கே வருகிறது என்பதை விடுங்கள், எங்கே வரவில்லை என்று கவனிக்கச் சொல்லுங்கள். கடற்கரையில் இரண்டு சிறுவர்கள் அட்டையில் சுறாத் துடுப்பு செய்து தண்ணீரில் விளையாட்டுக் காட்டுவார்கள். கூட்டமே அலறியடித்துக் கரைக்கு ஓடும். அந்த இடத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் ஒரு நோட்டுகூட வாசிக்கவில்லை. இசை வந்தால் சுறா வரும், வராவிட்டால் வராது என்று நம் காதுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம். பிற்பாடு படகின் பின்பக்கம் உட்கார்ந்து நாயகன் சலித்துக்கொண்டே இரை வீசும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. இசை இல்லை! கொடுத்த வாக்கு மீறப்பட்ட அந்த நொடியில்தான் தியேட்டரே துள்ளிக் குதித்தது.

வில்லியம்ஸ் முதன்முதலில் பியானோவில் அதை வாசித்துக் காட்டியபோது, வேடிக்கைக்குச் செய்கிறார் என்று நினைத்து இயக்குநர் ஸ்பீல்பெர்க் சிரித்துவிட்டாராம். படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் படத்தில் பாதி நேரம் சுறாவாக நடித்தது இசைதான். 1975-ல் வந்த அந்தப் படத்துக்காக வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள் அம்மா.

கே: அருமையான பாடல்கள் ஆயிரம் இருக்க, பின்னணி இசையைத் தனியாக எடுத்துக் கேட்பது வீண் வேலை இல்லையா?
— வாசகர், ஈரோடு

ப: பாட்டு எல்லோருக்காகவும் எழுதப்படுகிறது. பின்னணி இசை ஒரே ஒரு முகத்துக்காக, அது திரும்பிப் பார்க்கும் ஒரே ஒரு நொடிக்காக எழுதப்படுகிறது. அவ்வளவு சின்ன இடத்துக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். கேட்காமல் விடலாமா?

கே: நான் கேட்கும் நாற்பது படங்களின் பெயரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எது சிறந்தது என்று வரிசைப்படுத்தித் தருவீர்களா?
— வாசகர், திண்டுக்கல்

ப: மாட்டேன். நாற்பது பெயரைப் படித்ததில் உங்கள் ஆர்வம் தெரிந்தது, காது தெரியவில்லை. ஒரே ஒரு படத்தில், ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள்: யார் வாசலில் நிற்கிறார், எந்த வாத்தியம் முதலில் நுழைகிறது, எப்போது அடங்குகிறது. இந்தப் பத்தியின் பாதியை உங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கே: இளையராஜாவின் எண்பதுகளின் பின்னணி இசையெல்லாம் ஏன் கேசட்டாக, சிடியாக முறையாக வரவில்லை? ரசிகர்கள் வெட்டி எடுத்த துண்டுகளைத்தானே கேட்க வேண்டியிருக்கிறது?
— வாசகர், திருச்சி

ப: விற்றது பாட்டு, அதனால் கேசட் கம்பெனிகள் பாட்டை வாங்கின. பின்னணி இசை படத்தின் ஒலியில் ஓர் அங்கமாகப் பார்க்கப்பட்டதே தவிர, தனிச் சரக்காக யாரும் நினைக்கவில்லை. வசனம், மழை, மோட்டார் சத்தம் எல்லாவற்றோடும் கலந்து மிக்ஸிங் முடிந்துவிட்டால், இசை மட்டும் இருந்த காந்த நாடாவைப் பத்திரப்படுத்த யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஆகவே நம் ரசிகர்கள் யாரும் பேசாத நொடிகளாகத் தேடுகிறார்கள். டிவிடியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். அதை அடைத்துவிட்டு இடது, வலது ஒலியை மட்டும் உருவுகிறார்கள். புல்லாங்குழல் அழகாக ஏறிக்கொண்டிருக்கும்போது கதவு 'டமால்' என்று சாத்தும். அந்தக் கதவுச் சத்தமும் நமக்கு மனப்பாடம்!

வெளிநாட்டிலும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. 'பிளேட் ரன்னர்' வந்தது 1982-ல். வான்ஜெலிஸ் வாசித்த அசல் இசை ஆல்பமாக வெளிவந்தது 1994-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம், வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா திருப்பி வாசித்த தட்டுதான் கடைகளில் கிடைத்தது. ஆனால் இன்ட்ராடா, வரேஸ் சரபாண்ட், லா-லா லேண்ட் என்று இதற்கென்றே கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. ஸ்டுடியோ கிடங்குக்குப் போய்ப் பழைய நாடாவைத் தேடி எடுத்து, துடைத்து, இரண்டாயிரம், மூவாயிரம் பிரதி மட்டும் போடுகிறார்கள். எந்த இசை எந்தக் காட்சிக்கு என்று விவரக் கையேடும் உள்ளே இருக்கும். ரசிகர்கள் காத்திருந்து வாங்குகிறார்கள்.

நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும். 'உதிரிப்பூக்கள்', 'மௌன ராகம்', 'நாயகன்' இசை நாடாக்கள் எந்த அலமாரியிலாவது மிச்சம் இருக்குமானால் இப்போதே திறந்து பார்க்க வேண்டும். காந்த நாடா நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் நெடுநாள் தாங்காது. தயாரிப்பாளர் குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால், பரணில் இருக்கும் தகர டப்பாவைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஓர் ஒலிப்பதிவாளரிடம் காட்டுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கே: கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ரீ-ரெக்கார்டிங் எப்படி நடந்தது? நான் விஸ்காம் படிக்கிறேன்.
— மாணவர், மதுரை

ப: தம்பி, ரீல் ரீலாக நடந்தது. 35 எம்.எம். படத்தில் ஆயிரம் அடி ரீல் என்றால் சுமார் 11 நிமிஷம். ஒரு ரீலைத் திரையில் ஓட்டுவார்கள். இசையமைப்பாளர் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொண்டு ஸ்கோர் எழுதுவார். உதவியாளர்கள் அதை வயலினுக்கு, செல்லோவுக்கு, குழலுக்கு என்று தனித்தனித் தாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு அதே துண்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டே கூடம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும். கடைசி வரிசையில் ஒருவர் தப்பு விட்டால் அந்தத் துண்டு முழுவதும் மறுபடி முதலிலிருந்து. இளையராஜா ரீலை ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தையும் தொடாமல் நேரே தாளில் எழுதுவார் என்று அவரோடு வேலை செய்த இயக்குநர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு வீடியோ ஃபைலை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு நூறு முறை மாற்றலாம். வசதி பெரிது. நீ ஒரே ஒரு குறும்படத்துக்காவது நான்கு பேரை நேரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல். அவர்கள் திரையைப் பார்த்து மூச்சு விடுவது ஒலியில் வந்துவிடும்.

கே: படம் பார்க்காமல் இசையை மட்டும் கேட்பது முறைதானா?
— வாசகி, தஞ்சாவூர்

ப: இசையமைப்பாளரே படம் பார்க்காமல் எழுதியது உண்டே! 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்துக்கு என்னியோ மோரிகோனே முன்கூட்டியே இசையமைத்துவிட்டார். இயக்குநர் செர்ஜியோ லியோனே அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார். இருவரும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 'இன்டர்ஸ்டெல்லா'ருக்கு இயக்குநர் நோலன் கதையையே சொல்லவில்லை. ஒரு தகப்பனுக்கும் குழந்தைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஹான்ஸ் ஸிம்மரிடம் ஒரே நாளில் தோன்றியதை வாசிக்கச் சொன்னார். விண்வெளிப் படம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரியும். பின்னால் லண்டன் டெம்பிள் சர்ச்சின் பெரிய குழாய் ஆர்கனில் பதிவான அந்த இசைக்கு அடியில் ஒரு தகப்பன்தான் இருக்கிறான். கேட்டுப் பாருங்கள், படம் பிறகு பார்க்கலாம்.

கே: படம் எடுத்த பிறகு பாட்டையே மாற்றியதுண்டா?
— வாசகர், காரைக்குடி

ப: 'ஹே ராம்'. முதலில் எல். சுப்பிரமணியம் இசையில் பாடல் காட்சிகள் படமாக்கப்பட்டன. அவர் விலகிய பிறகு இளையராஜா வந்தார். மறுபடி படமெடுக்கச் சொல்லாமல், ஏற்கெனவே இருந்த உதட்டசைவுக்குப் பொருந்தும்படி புது மெட்டுப் போட்டார். பின்னணி இசையை ஹங்கேரியின் புடாபெஸ்ட் போய் அங்குள்ள சிம்பொனிக் குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். அடுத்த முறை பார்க்கும்போது உதட்டையே பாருங்கள். எனக்குப் பிசிறு தெரியவில்லை.

கே: டெம்ப் ட்ராக் என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: எடிட்டிங் மேசையில் வேறொரு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைப்பதுதான் டெம்ப் ட்ராக். வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு இயக்குநர் அதன்மேல் மனசை வைத்துவிடுவார். பிறகு வருகிற இசையமைப்பாளர் பாடு திண்டாட்டம். இதில் மிகவும் அடிபட்டவர் அலெக்ஸ் நார்த். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அவர் எழுதிப் பதிவும் செய்த இசையை இயக்குநர் குப்ரிக் ஒதுக்கிவிட்டு, தற்காலிகமாகப் போட்டிருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் நார்த்துக்கு விஷயம் தெரிந்தது. படத்துக்கு குப்ரிக் செய்தது சரி. அந்த மனிதருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாதது சரியில்லை. 1991-ல் நார்த் காலமானார். 1993-ல் அவருடைய நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அந்த இசை முழுவதையும் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து மறுபடி வாசித்து வெளியிட்டார். நட்பு என்றால் அது.

கே: ஒரே ஒரு வாத்தியத்தை வைத்து முழுப் படத்துக்கும் இசை?
— வாசகர், புதுச்சேரி

ப: 'த தேர்ட் மேன்', 1949. வியன்னா மதுக்கடையில் சிதர் வாசித்துக்கொண்டிருந்த ஆன்டன் கராஸை இயக்குநர் கரோல் ரீட் பார்த்தார். முடிந்தது கதை.

கே: நம் ஊரில் பாட்டே இல்லாத படங்களில் பின்னணி இசை எதில் நன்றாக இருக்கிறது?
— வாசகி, வேலூர்

ப: வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-லேயே பாட்டில்லாமல் வந்து வழி காட்டியது. 2013-ன் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' பாட்டில்லாத இரவு முழுவதையும் இளையராஜாவின் வயலின்களிடம் ஒப்படைத்தது. என் ஓட்டு பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்கு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் ஏற்கெனவே 1986-ல் வந்துவிட்டது. அதிலிருந்துதான் இசையை எடுத்து பாலு மகேந்திரா பயன்படுத்தினார். செங்கல், சிமென்ட், கடன், லஞ்சம் என்று அலையும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குத் தனியாக எழுதியதுபோலவே அது உட்கார்ந்துகொண்டது.

கே: என் மகள் பிளஸ் டூ. படிக்கும்போது படங்களின் பின்னணி இசையை ஓடவிடுகிறாள். அனுமதிக்கலாமா?
— அம்மா, சேலம்

ப: தாராளமாக. பேச்சுக்கு வழிவிட்டு அடியில் ஓடத்தானே அது எழுதப்பட்டது, பாடத்துக்கும் வழிவிடும். 'சைக்கோ'வை மட்டும் பரீட்சை முடியும்வரை எடுத்து ஒளித்துவையுங்கள். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக் காட்டினார், ஹிட்ச்காக் மனம் மாறினார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்த வயலின் கீச்சலைக் கேட்டுக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது!

கே: அதே ஹெர்மனின் கடைசி இசை எது?
— வாசகர், சென்னை

ப: 'டாக்ஸி டிரைவர்'. 1975 டிசம்பர் 23 அன்று பதிவை முடித்தார். மறுநாள் விடியுமுன் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த சாக்ஸபோனை இது தெரிந்தபின் ஒருமுறை கேளுங்கள்.

கே: நம் தமிழ்ப் படத்தின் இசை வெளிநாட்டுப் படங்களில் ஒலித்திருக்கிறதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

ப: ஏ.ஆர். ரஹ்மானின் 'பம்பாய்' தீம். பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷ'னிலும், ஆயுத வியாபாரியைப் பற்றிய ஹாலிவுட் படமான 'லார்ட் ஆஃப் வா'ரிலும் அதைக் கேட்கலாம். ஒரு கலவரத்துக்காகப் பிறந்த குழலிசையை, வேறு தேசத்துத் துயரங்களும் தமக்குரியதாக எடுத்துக்கொண்டன. உங்கள் ஊரில் உட்கார்ந்து அதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை ஐயா, நீங்கள்தான் எங்களுக்கு எழுத வேண்டும்.

கே: எல்லோரையும் கேட்கிறீர்களே, நீங்கள் இப்போது என்ன கேட்கிறீர்கள்?
— வாசகி, திருநெல்வேலி

ப: 'சைனாடவுன்', 1974. வேறொருவர் போட்ட இசை சரிவரவில்லை என்று ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். பத்தே நாளில் முடித்தார். நான்கு பியானோ, நான்கு ஹார்ப், இரண்டு தாள வாத்தியக்காரர்கள், தந்தி வாத்தியங்கள், ஒரே ஒரு ட்ரம்பெட். அவசரத்தில் இப்படி ஒரு கூட்டணி யாருக்குத் தோன்றும்? தலைப்பு இசையில் முதலில் தந்திகள் கலைந்து சிதறுகின்றன. அதற்குப் பிறகுதான் யூவான் ரேசியின் ட்ரம்பெட் மெதுவாக உள்ளே வருகிறது. நேற்று ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது நான் அந்த ட்ரம்பெட்டை விட்டுவிட்டு, அடியில் பியானோக்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். இன்றைக்கு ஹார்ப்.