நிற்கிற வண்டிக்கு எதற்குப் பிரேக்?

பழைய புல்லட்டைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, “மைலேஜ் என்ன சார் தருது?” யாரும் கேட்காத, ஆனால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி, “நிக்குமா?” என் மெக்கானிக் பாயிடம் ஒருநாள் அதைக் கேட்டேன். “நிக்கும் சார். எங்க நிக்கும்னு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 முதல் மெட்ராஸ்வாசியாகி, திருவொற்றியூர் உப்புக்காற்றில் வளர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் எதிரே வந்தது மாட்டுவண்டி. அதற்கு டிரம் பிரேக் தாராளம். இன்று எதிரே வருவது ராங் சைடில் ஷேர் ஆட்டோ. டிரம் பிரேக்கிலோ லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட வேண்டும், கேபிள் கேமைத் திருப்ப வேண்டும், கேம் ஷூவை விரிக்க வேண்டும், ஷூ போய் டிரம்மில் உரச வேண்டும். தாலுகா ஆபீசில் மனு நகர்வதுபோல எல்லா மேஜையையும் தொட்டுவிட்டுத்தான் காரியம் நடக்கும். ஷேர் ஆட்டோ அதுவரை காத்திருக்காது.

இதோடு இன்னொரு விசேஷம், என் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. “ஒரு ரவுண்டு போயிட்டு வரேன் மாமா” என்று சாவி வாங்கிப்போன மச்சான், தெருமுனையில் நாயைக் கண்டதும் பழக்க தோஷத்தில் வலது காலை அழுத்தினான். பிரேக்குக்குப் பதில் அடுத்த கியர் விழுந்தது. நாய் புத்திசாலி, ஒதுங்கிக்கொண்டது. மச்சான் அதன்பிறகு சாவி கேட்பதில்லை. இது ஒன்றுதான் பழைய பிரேக்கால் கிடைத்த லாபம்.

எனக்குமுன் வண்டியை வைத்திருந்தவர் அதற்கு அலாய் வீல் மாட்டியிருந்தார். அதைக் கழற்றிக் கம்பி வீல் போடவேண்டும், அப்படியே முன்னால் டிஸ்க் பிரேக்கும் வைக்கவேண்டும் என்று வீட்டில் மெதுவாக அறிவித்தேன். போர்ட்டிகோவில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்த வண்டியை மனைவி ஒரு பார்வை பார்த்தாள். “நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்கு?”

பதில் கிடைக்காததால் உதிரிபாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன். டிஸ்க் பிரேக் என்பது டிஸ்க் மட்டும் வாங்குகிற சமாசாரம் அல்ல. அதைத் திருகுவதற்கு வேறு ஹப் வேண்டும். கேலிப்பரைப் பிடித்துக்கொள்ள வேறு ஃபோர்க் வேண்டும். ஹேண்டில்பாரில் மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து ஹோஸ். பின்னாளில் வந்த டிஸ்க் மாடலின் முன்பக்கத்தையே பெயர்த்துவந்து வைப்பதுதான் உத்தமம். பிரேக் ஆயில் டேங்க்கில் ஒரு சொட்டுச் சிந்தினால் பெயின்ட் பொரிந்துவிடும் என்பதால், வீட்டுப் பழைய போர்வையைப் போர்த்தித்தான் பாய் வேலையைத் தொடங்கினார். ஹோஸில் சிக்கிய காற்றை எடுக்கும்போது லீவர் என் கையில். “அடிங்க... அடிங்க... பிடிங்க... விட்றாதீங்க!” கீழே பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும்வரை எனக்கு விடுதலை இல்லை.

கம்பி வீல் கட்டுவது வேறு வித்தை. 40 கம்பியையும் குறுக்குமறுக்காகக் கோத்து, நிப்பிளைச் சமமாக முறுக்கி, ரிம்மைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆடாமல் நிறுத்தவேண்டும். பாய் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து வீலைச் சுற்றிவிட்டார். துருத்திய இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டியது. அங்கே ஒரு பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, மறுபக்கத்தை இறுக்கினார். பிறகு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டினார். முறுக்கு சரியென்றால் ‘டிங்’, தொய்வென்றால் ‘டொக்’. ரேடியோவை அணைக்கச்சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்தார். நான் ஏதோ கேட்கப்போனபோது என்னையும் அணைத்தார்.

இப்படி இழுவிசையில் நிற்கும் கம்பிச் சக்கரத்தை ஜார்ஜ் கெய்லி என்கிற ஆங்கிலேயர் 1808-இல் யோசித்ததே பறக்கும் இயந்திரத்துக்காகத்தான். வேகத்தடைகளில் என் வண்டி அந்த நோக்கத்தை இன்னும் மறக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அலாய் வீலே சௌகரியம். டியூப் வேண்டாம், துடைப்பது சுலபம். கம்பி வீலில் நிப்பிள் ஓட்டை வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் கட்டாயம். பஞ்சரானால் வீலையே கழற்றவேண்டும். தெரிந்தும் செலவு செய்தேன். வெயில் பட்டு அது சுற்றுகிற அழகைப் பார்த்தவர்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

சிக்னலில் அத்தனைபேரும் போட்டோ எடுப்பது வீலைத்தான். 280 மில்லிமீட்டர் டிஸ்க்கை ஒருவரும் சீண்டுவதில்லை. என்னைக் கேட்டால் உசத்தி அதுதான். இரண்டு விரலால் பிடித்தால் போதும், கூப்பிட்ட இடத்தில் நிற்கிறது.

ஆகவே, பழைய புல்லட்டின் பின்னால் வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது சட்டென்று நிற்காது என்ற தைரியத்தில் இத்தனை வருடம் ஒட்டியே வந்தீர்கள். இப்போது நிற்கும். பின்னால் எரிகிற சிவப்பு லைட் மட்டும் இன்னும் பழசுதான். தயவுசெய்து கொஞ்சம் தள்ளியே வாருங்கள்.