எந்த டெர்மினல்ல சொன்ன, பேராண்டி?

ஏலே பேராண்டி, கறுப்புத் திரையில வெள்ளெழுத்து ஓடுனா நீ பெரிய வித்தைக்காரன்னு ஊரு நம்பிரும். நான் நம்புவனா? மேசையில ரெண்டு திரை, கீபோர்டுக்கு அடியில கலர் கலரா வெளக்கு. ஆனா கிட் கமிட் அடிச்சதும் விஐ எடிட்டர் வந்து நிக்கி; வெளிய வர வழி தெரியாம முழிக்கே.

'என்விரான்மென்ட் வேரியபிள் வச்சேன் தாத்தா, கேக்கமாட்டேங்கு'ன்னு புலம்புத. புதுசாக் கண்டுபிடிச்சவன் கணக்கா பேசாதலே. 1979ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்த சங்கதி அது. உங்கப்பனுக்கு அப்ப மீசை முளைக்கல.

சரி, எடிட்டர்=நானோன்னு அடிச்சியே, எக்ஸ்போர்ட் போட்டியா? போடல. அப்ப அது அந்த ஷெல்லுக்குள்ளயே நின்னு போச்சு. போட்டாலும் என்ன? அப்பன் சொத்து மவனுக்கு வரும். மவன் சம்பாத்தியம் அப்பனுக்குத் திரும்பாது. ஸ்கிரிப்டுக்குள்ள எக்ஸ்போர்ட் போட்டுட்டு வெளிய வந்து தேடுனா எங்கன கெடைக்கும்? அந்த ஸ்கிரிப்ட இதே ஷெல்லுக்குள்ள ஓட்டத்தான் சோர்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு. பாஷ்ஆர்சி கோப்புல எழுதிட்டு, ஏற்கெனவே தொறந்து கெடக்க டெர்மினலையே மொறைச்சுப் பாத்தா ஆச்சா?

சமச்சின்னத்துக்கு ரெண்டு பக்கமும் எடம் விட்டு அழகு வேற பாக்க. எடிட்டர்ங்கத ஒரு கட்டளைன்னு நெனச்சுத் தேடிட்டு, காணோம்னு கைய விரிச்சிரும் ஷெல்லு.

இம்புட்டும் சரியா செஞ்சாலும், யாரு சொல்லு செல்லும்? கிட்டுல மொதல்ல கிட்_எடிட்டர். பொறவு கோர்.எடிட்டர் அமைப்பு. பொறவு விஷுவல். அதுக்கும் பொறவுதான் உன் எடிட்டர். நாலாவது ஆளு வாயத் தொறக்கணும்னா முன்னால மூணு பேரும் சும்மா இருக்கணும்லா?

இன்னொரு வேரியபிள் கதையும் கேளு: நோ_கலர்=0ன்னு போட்டா கலர் வரும்னு நெனைச்சியோ? வெறுமையா விடாம எதப் போட்டாலும் கலர் போயிரும். பூச்சியமும் அதுல சேத்தி.

தேடுத கட்டளையான கிரெப்புக்கு கிரெப்_ஆப்ஷன்ஸ்னு ஒரு வேரியபிள் இருந்துச்சு. ஆளாளுக்கு அதுல கலர்=ஆல்வேஸ்னு எழுதி வச்சாவ. கிரெப்ப நம்பி எழுதுன ஸ்கிரிப்டெல்லாம் கலர்க் குறியையும் சேத்து முழுங்கி விக்கிச்சு. கடைசில 2014ல, 2.21ஆம் பதிப்புல, 'இத விட்டுருங்கய்யா'ன்னு கிரெப்பே எச்சரிக்க ஆரம்பிச்சிட்டு. எங்கயோ மறைச்சு வச்ச ஒரு வரி, எவன் எழுதுன ஸ்கிரிப்டையோ கெடுத்துருது பாத்தியா?

ஒரு தடவைக்குத்தான் வேணும்னா, கட்டளைக்கு முன்னாலயே அந்த ஒத்த அமைப்ப எழுதி ஓட்டு; அதோட போயிரும். பாஸ்வேர்ட பாஷ்ஆர்சில எழுதி, அந்தக் கோப்பையே கிட்ஹப்புல ஏத்தித் தொலைக்காத. அடுத்த மட்டம் 'கேக்கமாட்டேங்கு'ன்னு வாரதுக்கு முன்ன, அதே டெர்மினல்ல பிரிண்ட்என்வ் எடிட்டர்னு அடிச்சுப் பாத்துட்டு வா.