புல்லுக்கு வந்த வாழ்வு

மாட்டுக்கும் போடாமல், தானும் தின்னாமல், மனிதன் வேலை மெனக்கெட்டுப் புல் வளர்த்த வரலாறு அரண்மனையில்தான் தொடங்குகிறது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி வெர்சாயில் பச்சைக் கம்பளம் போலப் புல்தரை போடச் சொன்னார். இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது. கோதுமை விளையும் பூமியில் புல்லை விட்டு, அதையும் ஆள் வைத்து மழித்தால், "எனக்குச் சோற்றுக்குக் கவலையில்லை" என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

அந்தப் பெருமையைக் கெடுத்தவர் எட்வின் பட்டிங். கம்பளித் துணியில் பிசிறு சிரைக்கும் இயந்திரத்தைப் பார்த்தவருக்கு, புல்லையும் இப்படிச் சிரைத்தால் என்ன என்று தோன்றியது. 1830-ல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிரபுவின் பவிசு அத்தோடு குமாஸ்தாவின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இறங்கியது.

அமெரிக்கா அதைக் கடமையாகவே ஆக்கியது. 1947-ல் நியூயார்க் பக்கம் எழும்பிய லெவிட்டவுனில் வீடு வாங்கினால், கோடையில் வாரம் ஒருமுறை புல் வெட்டுவேன் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும். அங்கேயாவது மழை பெய்யும். கோடை முழுக்க வானம் கண் திறக்காத தெற்குக் கலிபோர்னியாவும் அதே புல்லுக்கு ஆசைப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் 1913-லேயே ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரைச் சுமார் 375 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த ஊர். அப்படி வந்த தண்ணீரில் ஒரு பங்கு புல்லைக் குளிப்பாட்டியது.

2014-ல் கடும் வறட்சி. தண்ணீரை வீணடித்தால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் என்றது மாநிலம். அதே சமயம் க்ளெண்டோரா நகராட்சி ஒரு வீட்டுக்குக் கடிதம் போட்டது: உங்கள் புல் காய்ந்துவிட்டது, பச்சையாக்குங்கள், தவறினால் 500 டாலர் வரை அபராதம். ஊற்றினாலும் தண்டம், ஊற்றாவிட்டாலும் தண்டம்! விவரமானவர்கள் ஆளைக் கூப்பிட்டுக் காய்ந்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டார்கள்.

2015 ஏப்ரல் முதல் தேதி ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ஆளுயரப் பனி கிடக்க வேண்டிய சியரா நெவாடா மலையில் வெறும் தரையில் நின்று உத்தரவு போட்டார். நகரங்கள் 25 சதவீதம் நீரைக் குறைக்க வேண்டும்; 5 கோடி சதுர அடிப் புல்லை அகற்ற வேண்டும். வறட்சிக் காலத்தில் காய்ந்த புல்லுக்கு நகரங்கள் அபராதம் போடக் கூடாது என்று சட்டமும் வந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. தெற்குக் கலிபோர்னியாவின் மெட்ரோபாலிட்டன் நீர் மாவட்டம், புல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் செடி வைத்தால் சதுர அடிக்கு 2 டாலர் தந்தது. ஆனால் அவசரப்பட்டு முதலிலேயே பிடுங்கிவிட்டால் சல்லிக்காசு கிடையாது. விண்ணப்பம், புல்லின் போட்டோ, ஒப்புதல், அப்புறம்தான் மண்வெட்டி. ஜனம் முண்டியடித்ததில் சில வாரங்களில் கஜானா காலி.

பிடுங்கியவர்களுக்கு அடுத்த சோதனை காத்திருந்தது. அங்கே 'பெர்முடா புல்' என்று பரவிக் கிடப்பது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். அருகுபோல் வேரோடி வாழ்க என்று நாம் வாழ்த்துவது சும்மாவா? கணு ஒன்று மண்ணில் தங்கினாலும், ஊர்ப்பூவான பாப்பிக்கும் சேஜ் செடிக்கும் நடுவே மறுபடி தலைகாட்டும்.

பக்கத்து நெவாடா இன்னும் கறார். அங்கே 2021-ல் போட்ட சட்டப்படி, லாஸ் வேகாஸ் வட்டாரத்துச் சாலையோரங்களிலும் அலுவலக வாசல்களிலும் அலங்காரத்துக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. தனி வீட்டுப் புல்லுக்கு மட்டும் விலக்கு. ஓட்டுப் போடுகிறவர் அந்த வீட்டில்தானே இருக்கிறார்!